அப்பாவின் குத்தகை நோட்டும் கணக்கில் வந்த நிவாரணமும்

கேள்வி: மன்னார்குடி வட்டத்தில் எங்களுக்கு 12 மா நஞ்சை, அதாவது 4 ஏக்கர், இருக்கிறது. அப்பா போன ஆடியில் காலமானார். அம்மா ஊரில் இருக்கிறார், நான் சென்னையில், தங்கை திருச்சியில். தாத்தா காலத்திலிருந்து ஒரே குடும்பம்தான் குத்தகைக்குச் சாகுபடி செய்கிறது. இப்போது செய்வது அந்த வீட்டு மருமகள்; கணவரை இழந்தவர். எழுத்து, பதிவு எதுவும் கிடையாது. ஆனால் அப்பா ஆண்டுதோறும் ஒரு நோட்டில் 'குத்தகை வரவு 30 மூட்டை' என்று எழுதிக் கையெழுத்தோ கைநாட்டோ வாங்கியிருக்கிறார். கஜா புயல் வருடத்தில் 15 என்று இருக்கிறது. சென்ற சம்பாவில் மழை நீர் தேங்கி விளைச்சல் பாதியாகிவிட்டது. ஆனாலும் அந்த அம்மா 30 மூட்டையும் அளந்துவிட்டார். நிவாரணம் 27,519 ரூபாய் என் கணக்கில் வந்தது, வி.ஏ.ஓ. கேட்டபோது என் வங்கிப் புத்தக நகலைத்தான் கொடுத்திருந்தோம். இப்போது மனை போடுகிறவர் ஏக்கருக்கு 16 லட்சம் தருகிறேன் என்கிறார், உள்ளூர் விவசாயி ஒருவர் 12 லட்சம். தரகர், "நோட்டை யாருக்கும் காட்டாதீங்க, அந்தம்மாகிட்ட ஒரு லட்சம் கொடுத்துக் கையெழுத்து வாங்கிடலாம்" என்கிறார். தங்கைக்குக் கடன் நெருக்கடி. "உனக்கு வசதி இருக்கு, தர்மம் பேசுறே" என்கிறாள். ஊரான் பொருள் நமக்கு வேண்டாம் என்று சொல்லி வளர்த்தவர் எங்கள் அப்பா. அதை இன்றைக்கு எப்படிக் கடைப்பிடிப்பது?

பதில்: உங்கள் அப்பா விட்டுப்போன வார்த்தை நல்ல பிடிமானம். அது சரியா தவறா என்ற குழப்பம் உங்களுக்கு இல்லை. இதில் எது ஊரான் பொருள், எது உங்கள் மூன்று பேருக்கும் பொது, எது உங்களுக்கு மட்டும் உரியது என்பதுதான் பிரிபடாமல் கிடக்கிறது. மூன்றும் ஒரே குவியலாகக் கிடப்பதால்தான் தங்கைக்கு உங்கள் பேச்சு தர்ம உபதேசமாகக் கேட்கிறது, உங்களுக்கு அவர் பேச்சு பேராசையாகக் கேட்கிறது. முதலில் நெல்லைத் தூற்றுவோம்.

எளிதானது நிவாரணம். அரசு அதைக் கொடுப்பது பயிர் 33 சதவீதத்துக்கு மேல் சேதமானால். பாசன நிலத்துக்கு ஹெக்டேருக்கு 17,000 ரூபாய் கணக்கில் வந்திருக்கிறது. உங்கள் 4 ஏக்கர் என்பது 1.61874 ஹெக்டேர், பெருக்கிப் பாருங்கள், ரூபாய் மாறாமல் அந்த 27,519 வரும். இதற்கு இடுபொருள் மானியம் என்று பெயர். விதை வாங்கி, நாற்றங்கால் விட்டு, நடவாளுக்குக் கூலி கொடுத்து, யூரியா தெளித்து, அதெல்லாம் தண்ணீரில் போனவருக்கு அடுத்த சாகுபடிக்குக் கைகொடுப்பதற்காக வருகிற பணம். பட்டா உங்கள் குடும்பத்தின் பெயரில் இருப்பதால் வழிதவறி உங்கள் கணக்குக்கு வந்திருக்கிறது. அம்மாவிடமும் தங்கையிடமும் இதற்குச் சம்மதம் கேட்க வேண்டியதில்லை. மூன்று பேரில் யாருடையதும் இல்லாத பணத்தை எப்படி ஓட்டுக்கு விடுவது? இந்த வாரமே அந்த அம்மாவின் கணக்குக்கு அனுப்புங்கள். கையில் கொடுக்க வேண்டாம், வங்கி வழியாகவே போகட்டும். "ஏதோ எங்களால் ஆனது" என்று சொல்லிக் கொடுக்காதீர்கள். "உங்க பணம் எங்க கணக்குல வந்துடுச்சு" என்று சொன்னால் போதும்.

ஒரு விதிவிலக்கு உண்டு. நீங்கள் குத்தகையைப் பாதியாகக் குறைத்திருந்தால் சேதத்தில் ஒரு பகுதியை நீங்களும் சுமந்திருப்பீர்கள். அப்போது பங்கு பேச இடம் இருந்திருக்கும். 30 மூட்டையும் முழுசாக வாங்கிவிட்டீர்கள். ஆகவே சேதம் முழுவதும் அவர் தலையில்தான்.

அந்த 30 மூட்டையையும் பார்த்துவிடலாம். குத்தகைக்குச் சட்டம் வைத்திருக்கும் அளவு விளைச்சலில் கால் பங்கு, 25 சதவீதம். உங்கள் பக்கத்தில் நல்ல சம்பா என்றால் ஏக்கருக்கு 33 மூட்டை, அறுபது கிலோ மூட்டை, என்று வைத்துக்கொள்ளுங்கள். 12 மாவுக்கு 132 மூட்டை. அதில் கால் பங்கு 33. அப்பா வாங்கியது 30. நியாயமான குத்தகை; உழைக்காமல் வந்த நெல் என்று அதற்காக நீங்கள் மனம் குமைய வேண்டாம். ஆனால் விளைச்சல் பாதியாகி 66 மூட்டைதான் கண்டது என்றால், 30 மூட்டை என்பது 45 சதவீதம். கஜா அடித்த 2018-இல் அப்பா 15 என்று எழுதியதன் பொருள் இதுதான். 'ஊரான் பொருள்' என்று வாயால் சொன்னதை அவர் எந்த அளவில் நடத்தினார் என்பது அந்த ஒரு வரியில் இருக்கிறது. இந்த முறை அப்படிக் குறைத்துச் சொல்ல வீட்டில் யாரும் இல்லை. அந்த அம்மாவும் வாயைத் திறந்து கேட்கவில்லை. பெரியவர் இல்லாத வீட்டில் போய்க் குறை என்று நிற்கத் தயங்கியிருப்பார்.

கூடுதலாக வந்த 15 மூட்டை 900 கிலோ. குவிண்டால் 2,500 ரூபாய் என்றால் 22,500. இது ஏற்கெனவே மூன்றாகப் பிரிந்திருக்கும். அப்பாவின் வழக்கத்தை அம்மாவிடமும் தங்கையிடமும் சொல்லுங்கள், கஜா வருடத்துப் பக்கத்தைக் காட்டுங்கள். அவர்கள் சம்மதித்தால் முழுவதும் திருப்புங்கள். சம்மதிக்காவிட்டால் உங்கள் பங்கு 7,500-ஐ மட்டும் கொடுத்துவிட்டுப் பேச்சை நிறுத்துங்கள். அவர்கள் பங்கை நீங்கள் அள்ளிக் கொடுக்க முடியாது.

இனி நோட்டு. தரகர் அதை ஒளிக்கச் சொல்வது காரணத்தோடுதான். 'பதிவு இல்லை, அதனால் உரிமை இல்லை' என்பது டெல்டா முழுவதும் புழங்கும் பேச்சு, அது தவறு. 1955-ஆம் ஆண்டின் சாகுபடி குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம் எழுத்து ஒப்பந்தத்தைக் கட்டாயமாகக் கேட்கவில்லை. வாய்ப் பேச்சாக, நடைமுறையாக இருந்தாலும் குத்தகை குத்தகைதான். அது பார்ப்பது, பிறர் நிலத்தில் தானோ தன் குடும்பத்தாரோ உடல் உழைப்பைப் போட்டுச் சாகுபடி செய்கிறாரா என்பதை. குத்தகைதாரர் இறந்தால், உழைப்பைத் தொடரும் வாரிசுக்கும் அந்தப் பாதுகாப்பு உண்டு. ஆகவே நீங்கள் விசாரிக்க வேண்டியது: அந்த அம்மா வயலில் இறங்குகிறாரா, அல்லது உள்குத்தகைக்கு வேறொருவரிடம் விட்டுவிட்டாரா? நாற்றுப் பறிக்கவும் களையெடுக்கவும் அவர் நிற்கிறார், உழவுக்கும் அறுவடைக்கும் இயந்திரத்தைக் கூலிக்கு அழைக்கிறார் என்றால் அவர் சாகுபடி குத்தகைதாரர்தான்.

வெளியேற்றுவதற்குச் சட்டம் வைத்திருக்கும் காரணங்கள் சிலவே. குத்தகை பாக்கி வைப்பது, நிலத்தைக் கெடுப்பது, சாகுபடி அல்லாத காரியத்துக்குப் பயன்படுத்துவது, நிலம் உங்களுடையதே அல்ல என்று வேண்டுமென்றே மறுப்பது. அதுவும் வருவாய் நீதிமன்றத்தின் உத்தரவோடுதான். விற்றாலும் குத்தகை முடியாது. வாங்குகிறவர் குத்தகையோடு சேர்த்தே வாங்குகிறார். இது நம் மண்ணில் பிறந்த சட்டம். 1952-இல் தஞ்சாவூர் மாவட்டத்துக்கென்றே குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்புக்கு ஏற்பாடு வந்தது; வருடத்துக்கு வருடம் ஆளை மாற்றி நிலத்தைப் பிடுங்கும் வழக்கம் இங்கே அவ்வளவு ஊறியிருந்தது. பெரிய மிராசுகளைத் தடுக்க வந்த சட்டத்தை 12 மா வைத்திருக்கும் குடும்பத்தின் மேல் வைப்பது பொருத்தமா என்று கேட்கலாம். கேள்வி நியாயமானது. ஆனால் எதிரில் நிற்பவரிடம் அந்த 12 மாவும் இல்லை என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

ஆக, அந்த நோட்டு குத்தகைக்கு நேரடியான சான்று. உங்கள் அப்பாவின் கையெழுத்தும், எதிரே அந்தக் குடும்பத்தார் மூன்று தலைமுறையாகப் போட்ட கைநாட்டும் இருக்கும்போது, எந்த அடங்கலும் (வி.ஏ.ஓ. வைத்திருக்கும் சாகுபடிப் பதிவேடு) அதற்குமேல் சொல்லப் போவதில்லை. பல வீடுகளில் நிலத்துக்காரர்கள் அடங்கலில் சாகுபடியாளர் பெயரை ஏறவிடுவதில்லை. அதனால் அவர்களுக்குக் கூட்டுறவுச் சங்கத்தில் பயிர்க்கடன் கிடைப்பதில்லை, சம்பாவுக்கு 1.5 சதவீதம் பிரீமியம் கட்டிக் காப்பீடு செய்ய முடிவதில்லை, நிவாரணமும் உங்கள் விஷயத்தில் நடந்ததுபோல் இடம் மாறிவிடுகிறது. உங்கள் அப்பா எழுதிவைத்தார். அதை ஒளித்துவைத்து ஒரு லட்சத்துக்குக் கையெழுத்து வாங்கினால், அவருடைய எழுத்தைக் கொண்டே அவர் கண்ட நியாயத்தை மறைப்பதாகும்.

'அவருக்கே தெரியாத உரிமையை நான் ஏன் எடுத்துச் சொல்ல வேண்டும்?' என்ற கேள்வி உங்கள் கடிதத்தின் அடியில் இருக்கிறது. சந்தையில் மாடு விற்கும்போது வாங்குகிறவர்தான் பல்லைப் பிடித்துப் பார்க்க வேண்டும் என்பார்கள். இங்கே நீங்கள் வாங்கப்போவது அவர் தன்னிடம் இருப்பதே தெரியாமல் வைத்திருக்கும் ஒன்றை. அவர் அறியாமையைத் தவிர அந்த ஒரு லட்சம் என்ற விலைக்கு வேறு ஆதாரமே கிடையாது. எனவே சொல்லித்தான் ஆக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. நீங்களே சொன்னால் தயக்கத்தில் தலையாட்டிவிடுவார். உங்கள் வாயால் வருவதை எதிர்த்துப் பேசும் பழக்கம் அவருக்கு இருக்காது. ஆகவே வட்ட சட்டப் பணிகள் குழுவுக்கு அவரைப் போகச் சொல்லுங்கள். நீதிமன்ற வளாகத்திலேயே இருக்கும். பெண்களுக்கு வருமானம் எவ்வளவு என்று கேட்காமலே இலவசமாக வழக்கறிஞர் உதவி உண்டு. நோட்டின் நகல் ஒன்றை அவர் கையில் கொடுத்து அனுப்புங்கள். அவர் வேண்டினால் 1969-ஆம் ஆண்டுச் சட்டப்படி குத்தகைப் பதிவுக்குத் தாசில்தாரிடம் விண்ணப்பிக்கலாம். நீங்கள் ஆட்சேபம் தெரிவிக்காமல் இருந்தால் போதும்.

அவர் குடியிருக்கும் வீடு எங்கே இருக்கிறது என்பதையும் பாருங்கள். உங்கள் கொல்லை ஓரத்தில், உங்கள் பட்டாவுக்குள் என்றால், 1971 ஜூன் 19 அன்று அந்தக் குடும்பம் அங்கே குடியிருந்ததா என்று அம்மாவிடம் கேளுங்கள். இருந்திருந்தால் குடியிருப்புச் சட்டத்தின்படி அந்த மனை எப்போதோ அவர்களுக்குச் சேர்ந்துவிட்டது. விற்பனைப் பத்திரத்தில் அந்த இடத்தைச் சேர்த்து எழுதினால் நாளைக்கு வாங்கியவருக்கும் அந்தக் குடும்பத்துக்கும் நடுவே நீங்கள் வைத்த வம்பாக முடியும்.

சரி, விற்பது எப்படி? குத்தகை உரிமையை விட்டுக்கொடுப்பதற்கு டெல்டாவில் ஊர் வழக்காக மூன்றில் ஒரு பங்கு, சில இடங்களில் பாதிவரை பேசி முடிக்கிறார்கள். மூன்று தலைமுறை உழைப்பு, ஒரு பாக்கி இல்லாத நோட்டு. மூன்றில் ஒன்றுக்குக் குறைந்து பேசாதீர்கள். அதைப் பணமாகக் கொடுப்பதைவிட நிலமாகக் கொடுப்பதையே நான் சொல்வேன். ஏக்கர் 12 லட்சம் வீதம் அந்த மூன்றில் ஒன்றான 16 லட்சம் கையில் வந்தால் பழைய கடன், கல்யாணம், ஒட்டுறவு என்று ஓராண்டில் கரைந்துவிடும், சாகுபடியும் கையைவிட்டுப் போயிருக்கும். 4 மா அவர் பெயரில் இருந்தால், அதாவது ஒன்றேகால் ஏக்கருக்குச் சற்று மேல், வீட்டுச் சாப்பாட்டு நெல் உறுதி. ஆனால் முடிவு அவருடையது. அவர் பணம்தான் வேண்டும் என்றால் அதுவும் நியாயமே.

எந்த 4 மா என்பதில்தான் பல ஒப்பந்தங்கள் கெட்டுப்போகின்றன. மேட்டையும் மடையையும் தங்களுக்கு வைத்துக்கொண்டு, தண்ணீர் கடைசியாக வந்து முதலில் தேங்கும் பள்ளத்தைக் குத்தகைதாரருக்குத் தள்ளிவிடுவார்கள். காகிதத்தில் பங்கு சரியாக இருக்கும், வயலில் இருக்காது. அவர் பங்குக்கு வாய்க்காலிலிருந்து தனி மடை இருக்க வேண்டும். வடிகாலுக்கு நேராகத் தண்ணீர் இறங்க வேண்டும். மற்ற வயலில் பயிர் நிற்கும்போதும் டிராக்டர் போக வழி இருக்க வேண்டும், அந்த வழி பத்திரத்தில் எழுதப்பட வேண்டும். நில அளவரைக் கொண்டு உட்பிரிவு செய்து, கல் நட்டு, புதிய உட்பிரிவு எண்ணோடு பதியுங்கள். 'கிழக்குப் பக்கம் 4 மா' என்று சும்மா எழுதினால் பத்து வருடம் கழித்து வரப்புச் சண்டை நிச்சயம். குத்தகை உரிமையை விடுவதற்கு ஈடாக இது என்பதைப் பத்திரத்தில் ஒளிக்காமல் எழுதச் சொல்லுங்கள். அந்த அம்மாவின் கணவரோடு உடன்பிறந்தவர்கள் யாராவது அந்த நிலத்தில் உழைத்திருந்தால் அவர்களும் கையெழுத்துப் போட வேண்டும். ஒருவரோடு முடித்துவிட்டு அடுத்தவர் வந்து நிற்பது இந்தப் பக்கத்தில் வழக்கமான தவறு. முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2 என்று வழிகாட்டி மதிப்பில் 9 சதவீதம் செலவாகும். பெண் பெயரில், மதிப்பு 10 லட்சத்துக்குள் என்றால் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறையும். அந்தச் செலவை உங்கள் குடும்பம் ஏற்பது முறை.

மீதி 8 மா உங்கள் மூவருக்கும் பொது. அப்பாவின் வாரிசுகளாக அம்மா, நீங்கள், தங்கை மூவருக்கும் சமப் பங்கு. அம்மாவின் பங்கை உங்கள் வாயால் பேசாதீர்கள். அவரைத் தனியாக உட்காரவைத்து, அவர் என்ன நினைக்கிறார் என்று கேளுங்கள்.

இங்கேதான் தங்கை சொல்வதில் உண்மை இருக்கிறது. நஞ்சையை மனையாக்கக் கூடாது என்பது உங்கள் மனத்தில் இருப்பது உங்கள் கடிதத்தின் தொனியில் தெரிகிறது. நல்ல எண்ணம். நடுவயலில் மண்ணடித்து மேடாக்கினால் மழைக்காலத்தில் பக்கத்து வயல்காரரின் தண்ணீர் வடிய வழி இருக்காது, கடைமடைக்குப் போகும் வாய்க்கால் அடைபடும். நஞ்சையை மனையாக்க மாவட்ட ஆட்சியரின் இசைவும் மனைப்பிரிவு அனுமதியும் வேண்டும் என்பதால் அந்த 16 லட்சம் உடனே கைக்கு வருமா என்பதும் சந்தேகம். முன்பணம் கொடுத்துவிட்டு இழுத்தடிப்பவர்கள் உண்டு. இதையெல்லாம் தங்கையிடம் சொல்லலாம். ஆனால் மனைக்கு விற்காமல் இருப்பதற்கு ஒரு விலை உண்டு, அதை யார் கொடுப்பது என்பதையும் சொல்ல வேண்டும். 8 மா என்பது 2.67 ஏக்கர். 16 லட்சம் வீதம் ஏறத்தாழ 42.67 லட்சம், 12 லட்சம் வீதம் 32 லட்சம். ஆளுக்கு 14.22 லட்சம் வர வேண்டிய இடத்தில் 10.67 வரும். குறைவது 3.55 லட்சம். கடனில் இருக்கும் தங்கையை உங்கள் கொள்கைக்காக அந்த 3.55 லட்சத்தை இழக்கச் சொல்வது சரியா? அம்மாவையும்தான். உங்கள் பங்கிலிருந்து தங்கைக்கு அந்த 3.55-ஐ ஈடுகட்ட முடியுமா என்று பாருங்கள். முடியும் என்றால் விவசாயிக்கே விற்கலாம் என்று உரிமையோடு கேட்கலாம். முழுதும் முடியாவிட்டால் பாதியாவது தருகிறேன் என்று பேசலாம். ஒன்றும் தர முடியாது என்றால், உங்கள் கருத்தைச் சொல்லிவிட்டு அவர்கள் முடிவுக்கு ஒதுங்குவதுதான் நேர்மை.

குத்தகைதாரரின் மூன்றில் ஒன்றைப் பற்றித் தங்கை தகராறு செய்தால் மட்டும் பின்வாங்காதீர்கள். அது உங்கள் தாராளம் இல்லை. மூவரின் தலையிலும் இருக்கும் கடன். பங்கு பிரிப்பதற்கு முன் கடனைக் கழிப்பதுதான் எந்த வீட்டிலும் முறை. "நான் கொடுக்கச் சொல்றேன்" என்று பேசினால் சண்டை வரும். "இந்த 12 மாவில் 8 மாதான் நம்முடையது" என்று தொடங்குங்கள். நோட்டையும், வழக்கறிஞர் ஒருவரின் எழுத்து மூலமான கருத்தையும் அவர் முன் வையுங்கள். உரிமையை மறைத்து விற்றால் வழக்கு வரும்போது கையெழுத்துப் போட்ட தங்கையும் சேர்ந்துதான் படியேற வேண்டும் என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

சிறு பாக்கி ஒன்று. அப்பா பெயரில் பி.எம். கிசான் தவணை வந்துகொண்டிருந்ததா என்று அவர் வங்கிப் புத்தகத்தைப் பாருங்கள். அவர் மறைவுக்குப் பிறகு 2,000 ரூபாய் தவணை ஏதும் ஏறியிருந்தால் வேளாண் உதவி அலுவலரிடம் சொல்லித் திருப்பிக் கட்டிவிடுங்கள். நீங்கள் வருமான வரி கட்டுகிறவர் என்றால் உங்கள் பெயருக்கு மாற்றிக் கேட்க முடியாது.

காலக் கணக்கு முக்கியம். வாரிசுச் சான்று, பட்டா மாற்றம் இரண்டும் முதலில் முடிய வேண்டும். இரண்டுக்கும் இ-சேவை மையத்தில் இப்போதே விண்ணப்பியுங்கள். தை அறுவடை முடிந்ததும் வயல் காலி என்று தரகர் அவசரப்படுத்துவார். காலி இல்லை. அறுப்புக்கு ஒரு வாரம் பத்து நாள் முன்பே ஈரத்தில் உளுந்து தெளித்திருப்பார்கள்; அதை எடுக்கச் சித்திரை ஆகும். உளுந்து வீட்டுக்குப் போன பிறகு, மேட்டூர் திறக்கும் ஜூன் 12-க்கு முன், சித்திரை, வைகாசியில் அளவு, உட்பிரிவு, பதிவு எல்லாவற்றையும் முடித்தால் அந்த அம்மா தன் 4 மாவில் தடங்கலில்லாமல் குறுவைக்கு நாற்று விடலாம். பதிவுக்கு முன்பே நிலத்தை ஒப்படைக்கச் சொல்லிக் கேட்காதீர்கள். வெற்று முத்திரைத் தாளில் கைநாட்டு வாங்க யார் சொன்னாலும் இடம் கொடுக்காதீர்கள்.

நோட்டைத் தொடர்ந்து எழுதுங்கள். அடுத்த முறை ஊருக்குப் போகும்போது அப்பாவின் கடைசி வரிக்குக் கீழே, வங்கியில் அனுப்பிய தேதியோடு, 'வெள்ள நிவாரணம் ரூ. 27,519, அவருடையது, அனுப்பப்பட்டது' என்று எழுதி, அந்த அம்மாவுக்குப் படித்துக் காட்டிக் கையெழுத்து வாங்குங்கள். அதற்கு அடுத்த வரி குத்தகைக் குறைப்பு. அது 15 மூட்டையா 5 மூட்டையா என்பதை உங்கள் அம்மாவும் தங்கையும் சொன்ன பிறகு நிரப்புங்கள்.